கருந்துளையின் எக்ஸ் கதிர்கள் வேலூருக்கு ஆபத்தா?

"கருந்துளை உமிழும் எக்ஸ் கதிர்களைக் காவலூர் தொலைநோக்கி பதிவு செய்துவிட்டது, இன்றிரவு அவை தரையைத் தொடும், வெளியே வராதீர்கள்" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. கருந்துளைக்குள்ளிருந்து எந்த ஒளியும் வெளிவருவதில்லை. அதற்கு மிக அருகில், கொதிக்கும் வாயு மண்டலத்தில் பிறக்கும் எக்ஸ் கதிர்களில் ஒரு பகுதி, சுற்றிச் சுழலும் வாயுத் தட்டின்மீது விழ, அங்குள்ள இரும்பு அணுக்கள் அதனை உட்கவர்ந்து ஏறத்தாழ 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள கதிராகத் திருப்பி உமிழ்கின்றன. கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்க்கையில் இது ஒரு கோடாகத் தெரியும்; அந்த இரும்புக் கோடு கருந்துளையின் கடும் ஈர்ப்பினால் அகன்று தெரிவதைக் கொண்டே கருந்துளையின் சுழற்சியைக் கணிக்கிறார்கள் என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. இக்கதிர்களை நம் வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால்தான் அவற்றை விண்ணிலிருந்தே காண 2015இல் இஸ்ரோ அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை ஏவியது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் தொலைநோக்கியால் எக்ஸ் கதிர்களைக் காண இயலாது. இஸ்ரோவின் இணையதளத்தில் அஸ்ட்ரோசாட் பற்றிச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.