தாமஸ் தெ கொல்மார் வறுமையில் சாகவில்லை

"உலகின் முதல் கணக்கு இயந்திரத்தை 1820-ல் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் தாமஸ் தெ கொல்மார், ஒன்றுகூட விற்காமல் வறுமையில் இறந்தார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 1820-ல் அவர் காப்புரிமை வாங்கியது மட்டும் சரி.

முதல் இயந்திரம் அவருடையது அல்ல. பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் 1642-லேயே ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டார். தாமஸின் இயந்திரமான 'அரித்மாமீட்டர்', ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸின் படிப்பல் உருளையைக் கொண்டது. உருளையில் ஒன்பது பற்கள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். பித்தளைத் தகட்டில் குமிழை 7-க்கு நகர்த்திக் கைப்பிடியைச் சுற்றினால், ஏழு பற்கள் மட்டும் விடை காட்டும் சக்கரத்தைத் தள்ளும். 7-ஐ 3-ஆல் பெருக்க வேண்டுமா? மூன்று முறை சுற்ற வேண்டியதுதான்.

தொழில்முறை உற்பத்தி 1851 வாக்கில்தான் தொடங்கியது. காப்புரிமைக்குப் பிறகு 30 வருடம்! அப்புறம் நூற்றுக்கணக்கில் விற்றது. தொழிற்சாலை முறையில் செய்து விற்றதுதான் அவருடைய உண்மையான சாதனை.

வறுமையா? மனிதர் 'சொலெய்' உள்ளிட்ட காப்பீட்டு நிறுவனங்களைத் தொடங்கியவர். 1850-ல் பாரிஸ் அருகே மெய்சோன் மாளிகையையே விலைக்கு வாங்கினார். 1870-ல் இறந்தபோது பெரும் பணக்காரர்.