நானோ இழைச் சாரம்: துளை அளவையும் சொல்லியிருக்கலாம்
"நானோ இழைச் சாரத்தின் மேல் செல்களை விட்டால் அவை உள்ளே புகுந்து திசுவாக வளரும்" என்று, ஆய்வகத்தில் திசு வளர்ப்பது பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. (சாரம் என்பது செல்கள் பற்றி வளர மிக மெல்லிய இழைகளால் செய்த தாங்கு சட்டகம்.) அந்த 'உள்ளே புகுந்து' என்பதில்தான் சிக்கலே. இழையின் தடிமன் சில நூறு நானோமீட்டராகக் குறைந்தால், இழைகளுக்கு இடையிலான துளையும் சில மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும். செல்லோ 10 முதல் 20 மைக்ரோமீட்டர். மேலே அழகாகப் பரவி நிற்கும். குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்பக்கம் வெறுமையாக இருக்கும். இதற்காகவே நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையையும் சேர்த்து நூற்று, பிறகு அதை மட்டும் கழுவி எடுத்து, செல் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாக்குகிறார்கள்.

பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் ஊசி வழியே இழுத்து இழையாக்கும் மின்நூற்பில், சாரத்துக்குப் பயன்படும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமருக்கு 10–12 சதவீதக் கரைசல், 15 கிலோவோல்ட், ஊசி முனைக்கும் தகட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி, மணிக்கு 1 மி.லி. ஓட்டம் என்று தொடங்கலாம். கரைசல் நீர்த்திருந்தால் இழையில் மணிமணியாக முடிச்சு விழும்.

இந்தப் பாலிமர் தண்ணீரை ஒட்டவிடாது, சொட்டு உருண்டு நிற்கும். பிளாஸ்மாவோ (மின்னேற்றிய வாயு) சோடியம் ஹைட்ராக்சைடோ கொண்டு மேற்பரப்பை மாற்றாவிட்டால் செல் சரியாகப் பிடிக்காது. கிருமி நீக்க ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலத்தில்) வைத்துவிடாதீர்கள்: சுமார் 60 டிகிரியிலேயே உருகும் பொருள் இது. 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து, மலட்டு உப்புக் கரைசலில் பலமுறை அலச வேண்டும்.

முதல் நாளிலேயே செல்கள் இறந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இழையில் தங்கிய கரைப்பானை. அதற்கு, கிருமி நீக்கத்துக்கு முன்பே வெற்றிட உலர்த்தல் அவசியம்.