ஆறு ஆட்ட விதியை அழித்தவர்களிடம் ஒரு கேள்வி

நேற்று, 2020 டிசம்பர் 9 அன்று, பிக் டென் எடுத்த முடிவை இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பான அது, தன் ஆறு ஆட்ட விதியை நீக்கி, நம் கொலம்பஸின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியைத் தன் அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டிக்கு அனுமதித்துவிட்டது. காலையில் வேலை முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்ததிலிருந்து அதே கொண்டாட்டம்தான். நம் கொலம்பஸ் தமிழ் நண்பர்களில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை அணிந்த பழைய படங்களைப் போட்டு, "நம்ம அணிக்கு நியாயம் கிடைத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். தூங்கப் போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் நிதானமாகவே சொல்ல முயல்கிறேன்.

ஆறு ஆட்டமாவது ஆடாத அணி இறுதிப் போட்டிக்குப் போக முடியாது என்பது வேறு யாரோ திணித்த விதி அல்ல. கொரோனா காலத்துக்கென்று பிக் டென் தானே எழுதிக்கொண்ட விதி. ஒஹாயோ ஸ்டேட் ஆடியது ஐந்து. மேரிலாண்ட் அணியில் தொற்று பரவியதால் ஓர் ஆட்டம் போனது. நம் அணியிலேயே பரவி, தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேவுக்கும் தொற்று உறுதியானதால் இல்லினாய் ஆட்டம் போனது. இப்போது மிச்சிகனில் பரவியதால், 1918 முதல் ஒரு வருடம்கூட விடாமல் நடந்துவந்த மிச்சிகன் ஆட்டமும் வரும் சனிக்கிழமை இல்லை என்றாகிவிட்டது. மூன்று ஆட்டங்களையும் நிறுத்தியது நோய்தான். இந்தச் சூழலில் ஓர் அணியால் ஒழுங்காக ஒரு பருவத்தை ஆடி முடிக்க முடிகிறதா என்று அளப்பதற்காகத்தான் அந்த விதியே இருந்தது. முடியவில்லை என்று அளவுகோல் சொன்னதும் அளவுகோலை எடுத்து வீசிவிட்டார்கள்.

விதி நின்றிருந்தால் நமக்குப் பதிலாக இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும் இந்தியானாவை நாம் 42-35 என்று நேருக்கு நேர் வென்றோமே, அவர்களைவிட நாம்தானே தகுதியான அணி என்று கேட்பீர்கள். ஆட்டத் திறமையைப் பொறுத்தவரை அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் என் வழக்கு இந்தியானாவுக்காக அல்ல. இந்த ஆண்டு எல்லோருக்கும் விதி இருந்தது, ஒருவருக்கும் அது வளைந்து கொடுக்கவில்லை, இந்த விளையாட்டுக்கு மட்டும் வளைந்தது. என் மனத்தை அறுப்பது அதுதான்.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் முன்பே, கூட்டம் கூடினார்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை இதே பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்ததே, நினைவிருக்கிறதா? பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அவர்கள். அந்த முடிவு சரியென்றுதான் அப்போதும் எழுதினேன், இன்றும் அதையே சொல்வேன். விடுதியில் இருக்கும் மாணவர்கள் வாரம்தோறும் சோதனை செய்துகொள்ள வேண்டும், நன்றி நவிலல் விடுமுறைக்குப் பிறகு வகுப்புகள் எல்லாம் இணையத்தில்தான், இரவு பத்து மணிக்கு மேல் மாநிலம் முழுவதும் ஊரடங்கு. இவை எல்லாவற்றையும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் படிக்கும் என் மகள் தன் கல்லூரி வாழ்க்கையின் முதல் பருவத்தை அறைக்குள் ஒரு திரையின் முன்னால் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்காக எந்த விதியையும் யாரும் ஒரே நாளில் கூடி மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

நான் இந்த ஊரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி செய்பவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே இந்த ஆண்டு எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் கருவியின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை என்று ஒன்று உண்டு. தொண்ணூற்றாறு முனைகள் ஒரு பெட்டியில் வரிசையாக நிற்கும். ஒரு மாதிரிக்குப் பயன்படுத்தியதை அடுத்ததற்குப் பயன்படுத்தக் கூடாது, கழற்றி எறிந்துவிட வேண்டும். முன்பெல்லாம் நாங்கள் எண்ணிக்கூடப் பார்க்காத பொருள் அது. இந்த ஆண்டு அதற்கே நாடு முழுவதும் தட்டுப்பாடு. கேட்ட பெட்டிகளில் பாதி வந்தால் பெரிய காரியம் என்றிருந்தது. மூக்கில் விடும் ஸ்வாப் குச்சிக்கும் அதே கதி. அதனால் யாருடைய மாதிரியை முதலில் பார்ப்பது என்று தினமும் வரிசை போட்டோம். உள்நோயாளிகள், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், அவர்களுக்குப் பிறகு மற்றவர்கள். அந்த மற்றவர்களில், முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் ஒரு பெண் இருந்தார். முடிவு வந்ததா, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று நள்ளிரவில் அழைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போகாத நாளுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. முறைப்படி மருத்துவர்தான் முடிவைச் சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு செப்டம்பர் 16 வந்தது. ஆகஸ்ட் 11-ல் மருத்துவக் காரணங்களைச் சொல்லி ஆட்டங்களைத் தள்ளிவைத்த அதே பிக் டென், ஐந்தே வாரத்தில் மனம் மாறியது. வீரர்கள் அனைவருக்கும் தினமும், விரைவில் முடிவு தரும் ஆன்டிஜென் சோதனை, தொற்று வந்தால் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ., குறைந்தது 21 நாட்கள் ஆட்டத்திலிருந்து விலக்கு. அந்த ஆன்டிஜென் கருவிகள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டியவை அல்ல, அது வேறு வகைச் சோதனை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தயவுசெய்து அதைப் பின்னூட்டத்தில் எனக்கு விளக்க வேண்டாம். மனம் இருந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரையும் சோதிக்க இந்த நாட்டால் முடியும் என்பதை அந்த அறிவிப்பு காட்டிவிட்டது. முதியோர் இல்லத்துப் பெண்ணுக்கு முடியாதது, பந்து பிடிப்பவருக்கு முடிந்தது.

வீரர்களே ஆட வேண்டும் என்று கேட்டார்களே என்பதுதான் எனக்கு அடிக்கடி வரும் பதில். உண்மைதான். கிளெம்சன் பல்கலைக்கழக வீரர் டிரெவர் லாரன்ஸ் தொடங்கி நம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வரை கேட்டார்கள். ஃபீல்ட்ஸின் மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆறேழு வயதிலிருந்து இதற்காகவே உடலை வருத்தியவர்கள், ஆட்டத்தைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் இருபது வயதுப் பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? விருந்து வைக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளை இடைநீக்கம் செய்தீர்களே, அப்போது அவர்களுடைய விருப்பத்தை எங்கே வைத்தீர்கள்? அதே ஆகஸ்டில் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் வீரர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, பாதுகாப்பும் வருவாயில் பங்கும் இல்லாமல் ஆட மாட்டோம் என்றும் சொன்னார்கள். "வீரர்கள் கேட்கிறார்கள்" என்று பேசும் ஒருவர்கூட அந்தக் கோரிக்கையைப் பேசி நான் பார்த்ததில்லை.

வருவாய் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் தலைமைப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் சம்பளம். களத்தில் மூச்சோடு மூச்சு மோத நிற்கும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையைத் தாண்டிச் சம்பளம் என்று ஒன்று 2020-ல் இருக்கவில்லை. ஜூன் மாதம் பயிற்சிக்குத் திரும்பியபோது, ஆபத்தை உணர்ந்தே வருகிறோம் என்ற உறுதிமொழித் தாளில் வீரர்களிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். 2010-ல் இதே அணியின் வீரர்கள் சிலர் தங்கள் சட்டையையும் பதக்கத்தையும் விற்றும், பச்சை குத்திக்கொள்வதற்கு ஈடாகக் கொடுத்தும் மாட்டிக்கொண்டார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஐந்து பேரை ஐந்து ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. ஆனால் அந்தத் தண்டனை அடுத்த பருவத்தில் தொடங்கும், சில நாட்களில் நடக்கவிருந்த சுகர் பௌல் ஆட்டத்தில் மட்டும் அவர்கள் ஆடலாம் என்றார்கள். பெரிய ஆட்டம் குறுக்கே வந்தால் விதி ஒதுங்கி நிற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இளைஞர்களுக்கு இந்த நோய் ஒன்றும் செய்யாது என்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது மெய். ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டின் மருத்துவர்களே தொற்றிலிருந்து மீண்ட 26 கல்லூரி விளையாட்டு வீரர்களின் இதயங்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேரிடம் இதயத் தசை அழற்சிக்கான அடையாளங்கள் தெரிந்தன. அந்தக் கட்டுரை செப்டம்பர் 11-ல் வெளியானது. ஆட்டம் உண்டு என்ற அறிவிப்பு அதற்கு ஐந்து நாள் கழித்து வந்தது. சிறிய ஆய்வுதான், அதன் பொருள் என்ன என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பொருள் புரியாதபோது காத்திருப்பதல்லவா முறை? ஆய்வுக்கூடத்தில் ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் அதை வெளியே அனுப்பாமல் திரும்பச் செய்து பார்ப்போம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் செப்டம்பரில் கோவிட்டின் பின்விளைவால் இறந்தபோது அவருக்கு வயது இருபது. அவருடைய கல்லூரி அந்தப் பருவ ஆட்டங்களை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது, அவர் ஆடித்தான் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. வலுவான இளம் உடம்புக்கு எதுவும் ஆகாது என்பவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

ஃபுட்பால் பணம் இல்லாவிட்டால் மற்ற விளையாட்டுகள் செத்துவிடும் என்ற வாதத்துக்கு அதிகம் எழுத விருப்பமில்லை. பிக் டென்னிலேயே உள்ள அயோவா ஆகஸ்டில் நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளை மூடப்போவதாக அறிவித்தது. அக்டோபரில் ஃபுட்பால் திரும்பி வந்த பிறகும், 2020 டிசம்பரில்கூட அந்த அறிவிப்பு அப்படியேதான் இருந்தது.

துபாயில் ஐ.பி.எல். நடந்தபோது நீங்களும் பார்த்தீர்களே அக்கா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பார்த்தேன் தம்பி. தொடங்கும் முன்பே நம் சென்னை அணியில் 13 பேருக்குத் தொற்று வந்தபோது வயிறு கலங்கியது. ஆனாலும் அது வேறு கணக்கு. அவர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். வேண்டாம் என்று விலகும் உரிமை இருந்தது, விலகியவர்களும் உண்டு. வெளியுலகத் தொடர்பே இல்லாமல் ஒரு வளையத்துக்குள் வைத்து ஆட்டங்களை நடத்தினார்கள். ஆர்லாண்டோவில் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. செய்ததும் அதையேதான். கல்லூரிப் பிள்ளைகளை அப்படி வைக்க முடியாது. வைத்தால் அவர்கள் மாணவர்கள் அல்ல, தொழிலாளர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். 1918-ல் ஃப்ளூ காய்ச்சலோடே ஆடினார்கள் என்பவர்களுக்கும் ஒரு வரி: அந்த ஆண்டு மிச்சிகன் மொத்தமே ஐந்து ஆட்டம்தான் ஆடியது. அந்தப் பருவத்தைச் சிதைத்ததில் போருக்கும் பங்கு உண்டு, காய்ச்சலுக்கும் பங்கு உண்டு.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். ஜூலையில் என் அப்பா பாளையங்கோட்டையில் தவறினார். வழக்கமான விமானங்கள் இல்லை. வெளிநாட்டிலிருந்தவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைத்திருந்தாலும், போய் இறங்கி, தனிமைப்படுத்தலை முடித்து நான் வீடு சேரும்வரை அப்பாவை வைத்திருக்க முடியாது. இறுதிச் சடங்குக்கு இருபது பேர்தான் என்பது அரசு விதி. அப்பாவிடம் படித்தவர்கள் அந்தத் தெருவிலேயே ஐம்பது பேர் இருப்பார்கள். வாசலில் நின்ற காவலரிடம் தம்பி கெஞ்சவில்லை. வந்தவர்கள் தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா மகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான், பாதி நேரம் எனக்கு அவனுடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. நான் யாரையும் நோகவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று, எங்கள் வீட்டுக்கும் அதுதான் என்ற ஒரே ஆறுதலில் அந்த மாதத்தைக் கடந்தேன். நேற்றைய முடிவும், அதைக் கொண்டாடும் உங்கள் பதிவுகளும் கைவைத்தது அந்த ஆறுதலில்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேற்று ஒரே நாளில் இந்த நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோவிட்டால் இறந்திருக்கிறார்கள். இதுவரை இல்லாத எண்ணிக்கை. அதே நாளில்தான் அந்தக் கூட்டமும் கூடியது. பிழைப்புக்காக ஆபத்தை ஏற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன், நானும் அவர்களில் ஒருத்தி. ஃபுட்பால் இல்லாமல் ஒரு வருடம் இருந்திருக்கலாம். கல்யாணங்களை ஒத்திவைத்தோம், கோயிலை மூடினோம், பள்ளிகளை மூடினோம். இதையும் ஒரு வருடம் மூடியிருக்கலாம். அடுத்த ஆண்டு தடுப்பூசியோடு அதே ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேரோடு ஆடியிருக்கலாம்.

"பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: இருபது வருடமாக இந்த ஊரில் சனிக்கிழமைகளில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவள் நான். பரம எதிரியான மிச்சிகனோடு ஆடும் வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் உள்ள 'M' எழுத்துகளை எல்லாம் சிவப்புப் பட்டையால் அடித்துவைப்பதை ரசித்துப் படம் பிடித்தவள். பிடிக்காதவளின் பேச்சு அல்ல இது.

19-ஆம் தேதி இண்டியானாபொலிஸில் நார்த்வெஸ்டர்னோடு ஆடத்தான் போகிறார்கள், அதை என் பதிவு நிறுத்தாது. கொண்டாடும் நண்பர்கள் குறைந்தபட்சம் இந்த இரண்டையாவது என்னோடு சேர்ந்து கேளுங்கள். இந்தப் பருவத்தில் நம் அணியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தொற்று வந்தது என்ற முழு எண்ணிக்கையைப் பெயர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். தொற்று வந்த ஒவ்வொருவரின் இதயத்தையும், அவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகும், பல்கலைக்கழகத்தின் செலவில் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். ஆறு ஆட்ட விதியை ஒரே நாளில் அழிக்க முடிந்தவர்களால் இந்த ஒரு விதியை எழுத முடியாதா?