வெற்றுத் தாங்கிக்குள் ஒரு வீடு

எரிபொருள் தீர்ந்த ரொக்கெட் கட்டங்களை, அதாவது ரொக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும் பகுதிகளை, விண்வெளியிலேயே குடியிருப்பாக மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. வகுப்பில் சொன்னால் உயர்தர (ஏ.எல்.) வகுப்புப் பிள்ளைகள் கதை என்கிறார்கள். கதையில்லை.

1960களில் நாசாவின் ரொக்கெட் பொறியியலாளர் வொன் பிரவுனின் குழுவினர் இதைத்தான் திட்டமிட்டார்கள். சற்றர்ன் ரொக்கெட்டின் மேல்கட்டம் சுற்றுப்பாதையை அடைந்ததும் மிச்ச ஐதரசனை வெளியே விட்டுவிட்டு, வீரர்கள் அந்தத் தாங்கிக்குள் புகுந்து குடியேறுவது. ஏவும்போது தாங்கி நிறைய திரவ ஐதரசன் இருக்கும், அதனால் உள்ளே வைக்கும் எதுவும் மைனஸ் 253 பாகைத் திரவத்தில் ஊறித் தாங்க வேண்டும். எரிபொருள் தடையின்றிப் பாயத் தளம்கூட வலைபோல இருக்க வேண்டும். 1969இல் அதைக் கைவிட்டு, எரிபொருளே நிரப்பாத தாங்கிக்குள் தரையிலேயே எல்லாம் பொருத்தி, 1973இல் ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையமாக அனுப்பினார்கள். முக்கோணக் கண்ணிகள் கொண்ட வலைத்தளம் அப்படியே இருந்தது. சப்பாத்தின் அடியிலிருந்த முக்கோணக் கட்டையை அதில் மாட்டித்தான் வீரர்கள் நிலையாக நின்றார்கள். கீழேயிருந்த ஒட்சிசன் தாங்கி குப்பைக் கிடங்கானது.

ஏவும்போதே வெளிக்கவசம் பிய்ந்துபோய், உள்ளே வெப்பம் 50 பாகையைத் தொட்டது. முதல் குழு போய்க் குடைபோல ஒரு மறைப்பை விரித்த பிறகுதான் அது ஆள் தங்கும் இடமானது. அப்புறம் கடைசிக் குழு 84 நாள் இருந்தது!

மலையகத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு சுவரும் ஒரு தகரமும் போதுமென்றுதான் தோட்டத் தொழிலாளருக்கு லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டினார்கள். புகை போக வழியில்லாத காம்பராவில் (லய அறையில்) இருமியே வளர்ந்தவர்கள் நாம். தாங்கியும் அப்படித்தான். கூடு இலவசம், ஆனால் காற்றைச் சுத்திகரிக்க, வெப்பத்தை வெளியேற்ற, மின்சாரத்துக்கு, கழிவறைக்கு எல்லாம் யாராவது செலவழிக்க வேண்டும்.

நாசாவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) வெளியே பொருத்திய எரிபொருள் தாங்கியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஏறத்தாழ 2,000 கன மீற்றர் கொள்ளளவு. இன்றைய சர்வதேச நிலையத்தின் உள்ளிடத்தைப்போல இரு மடங்கு. சுற்றுப்பாதை வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிய பிறகு அதைக் கழற்றிக் கடலுக்கு மேலே எரிய விட்டார்கள். 1981 முதல் 2011 வரை இதே கதை. மேலே வைத்திருந்தால் வெளி நுரைப்பூச்சு உதிர்ந்து குப்பையாகும், தாழ்ந்த பாதையில் காற்றின் இழுவை கீழே இழுக்கும் என்றார்கள். சரி, உண்மைதான். ஆனால் அவை வரைபடத்திலேயே தீர்க்க வேண்டியவை.

2021 மே மாதம் சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட்டின் கட்டமொன்றும் இப்படித்தான் வீணாகி மாலைதீவுக்கு அருகே கடலில் விழுந்தது, நமக்குப் பக்கத்துக் கடல். இப்படி வீணாகாமலிருக்க, இனிக் கட்டும் பெரிய மேல்கட்டங்களில் ஆள் நுழையும் கதவும், சாமான் பொருத்தும் கொளுவிகளும், உயரம் தூக்க மிச்ச எரிபொருளும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.