முன் சொக் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

கிழக்கிலங்கையில் கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எங்கு போனாலும் பழைய ஹொண்டா பைக்குகளையும் ஆர்எக்ஸ் 100களையும் தேடி எடுத்துச் செய்து ஓடுகிற பெடியன்களைக் காண்கிறேன். எனக்கு அதில் நல்ல சந்தோசம். ஆனால் பெயின்ட் காய்ந்த கையோடு, முன் சில்லைத் தாங்கிக் குலுக்கலை வாங்குகிற முன் சொக்கைக் குறுக்கி, முன்பக்கத்தைப் பதித்துவிடுகிறார்கள். இரண்டு அங்குலம், சிலர் மூன்று. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். தங்கச்சியின் கையில் எலும்பு வெடிப்புக்குப் போட்ட பத்தை (மாக்கட்டை) போன கிழமைதான் வெட்டினார்கள், எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வடிவுக்காகப் பதிக்கவில்லை. தங்கச்சி ஆசிரியை. வீடு களுவாஞ்சிகுடியில், பாடசாலை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வெள்ளாவெளிப் பக்கம். அந்தக் கிறவல் றோட்டுக் கிடங்குகளுக்குள் ஸ்கூட்டியின் சின்னச் சில்லு படும் பாடு தெரிந்ததுதான். அதனால் அப்பாவின் பழைய ஹொண்டா 125ஐ எடுத்தாள். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, நிறுத்தினால் பெருவிரல் நுனிதான் நிலத்தில் படும். "முன்பக்கத்தைக் கொஞ்சம் பதித்துத் தாங்க அண்ணே" என்று கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

முன் சொக்கைப் பதிக்கிற வழக்கமான வழி, சொக்கின் இரண்டு குழாயையும் (ரியூப்) மேலும் கீழும் பிடித்திருக்கிற பிளேட்டுகளின் போல்ட்டுகளை இளக்கி, ரியூப் இரண்டையும் மேலே தள்ளி இறுக்குவது. எங்கள் 125இல் அதற்கு வழியில்லை. மேல் மூடி போல்ட்டே பிளேட்டின் ஊடாக இறங்கித்தான் ரியூப்பைப் பிடித்திருக்கிறது. பழைய பைக்குகள் பலவற்றில் இப்படித்தான். அதனால் கராஜில் ஸ்பிரிங் இரண்டையும் எடுத்து, கிறைண்டரால் வெட்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டு அங்குலம் பதிந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

தங்கச்சியின் கால் மட்டும் நிலத்தில் ஊன்றவில்லை. இதை நான் முதலே யோசித்திருக்கவேண்டும். சீட் இருப்பது முன் சில்லுக்கு மேலே இல்லை, நடுவுக்கும் பின்னால். முன்னுக்கு இரண்டு அங்குலம் இறக்கினால் இருக்கிற இடத்தில் முக்கால் அங்குலம் இறங்கினாலே பெரிய விசயம். அதற்குப் பதிலாக ஆள் முன்னுக்கு வழுக்கி, உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில் வந்து விழுகிறது. இரண்டு நாளிலேயே கை உளைகிறது என்றாள். உயரம் குறைவு என்பதற்காக முன்பக்கத்தை மட்டும் பதிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம் லைட். பழைய 125களில் இரண்டு சில்லுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது அங்குலம் இருக்கும். முன்னுக்கு இரண்டு அங்குலம் இறங்கினால் ஹெட்லைட் இரண்டு பாகைக்கு மேல் குனிந்துவிடும். நேராகப் போய்க்கொண்டிருந்த வெளிச்சம் இருபது மீற்றர் அளவில் நிலத்தில் விழும். பொழுதுபட்டால் யானை குறுக்கே நிற்கிற றோட்டில் அவள் அப்படித்தான் வந்துபோனாள். ஒரு போல்ட்டை இளக்கி லைட்டை நிமிர்த்தினால் முடிகிற வேலை. கராஜிலும் செய்யவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஹாண்டிலும் மாறிப்போனது. முன்பக்கம் பதிந்தால் முன் சொக்கின் சரிவு குறைந்து நிமிர்ந்துவிடும், சில்லுக்குத் தானாக நேரே ஓடுகிற குணமும் குறையும். காபெட் போட்ட தார் றோட்டில் வளைவுக்கு லேசாகத் திரும்புகிற மாதிரி இருக்கும், பெடியன்களுக்குப் பிடிப்பதும் அதுதான். கிறவலிலும், கடற்கரைப் பக்கம் மணல் ஏறிய றோட்டிலும் அதே ஹாண்டில் கைக்குள் துள்ளும்.

விழுந்தது ஒரு காலை. வாய்க்கால் ஓரம், முதல் நாள் மழை, கிடங்கு தண்ணீருக்குள் மறைந்திருந்தது. இந்த வகைப் பைக்குகளின் முன் சொக் முழுவதுமாக அமுங்கினாலே நாலு, நாலரை அங்குலம்தான். அதில் இரண்டை நாங்கள் வெட்டி எடுத்திருந்தோம். "டங்கென்று இரும்பில் இரும்பு அடித்தது அண்ணா, ஹாண்டில் கையை விட்டுப் போயிற்று" என்றாள். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை பத்து.

வெட்டின ஸ்பிரிங் இறுக்கமாகிவிடும், அதனால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சுற்றுக் குறைந்தால் இறுகும் என்பது சரிதான். ஆனால் அமுங்குவதற்கு மிச்சமிருக்கிற தூரம் போய்விட்டதே, அந்த இறுக்கத்தை வைத்து என்ன செய்வது? முன் சில்லைத் தூக்கினால் வெட்டின ஸ்பிரிங் ரியூப்புக்குள் கிடந்து ஆடுகிற சத்தம் கேட்கும். கம்பனி தட்டையாக முடித்துவிட்ட முனையும் போய், வெட்டின கூர் முனைதான் உள்ளே உரசுகிறது.

பிறகு ஆரையம்பதியில் பைக் திருத்துகிற ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மனே, இத வெட்டுறதுக்கு முதல் இந்த ஒயில ஒருக்கா திறந்து பார்த்தீங்களா?" என்றார். சொக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினார். வந்தது ஒயில் இல்லை. வாவிச் சேறு மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒரு கால் கிளாஸ் கூட வரவில்லை. "புது ஸ்பிரிங் போடுவம், ஒயில் மாத்துவம். மறுகா பதிக்கிறதப் பத்திக் கதைப்பம்."

என் நிலைப்பாடும் இப்போது அதுதான். முப்பது வருசம் ஓடின ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து குறுகியிருக்கும். நீங்கள் பதிக்க நினைக்கிற பைக் ஏற்கெனவே பதிந்துதான் நிற்கிறது. முதலில் ஸ்பிரிங், ஒயில், சீல். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள்.

அதற்கும் பிறகு பதிக்கத்தான் வேண்டுமென்றால், ரியூப்பைத் தள்ளக்கூடிய பைக்கில் மட்டும் செய்யுங்கள். பத்து, பதினைந்து மில்லிமீற்றர் காணும். எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக இளக்கி, இரண்டையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். கண் மட்டம் போதாது, அடிமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் சொக் இறுகிப்பிடிக்கும். வேலை முடிக்க முதல் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு முன்பக்கத்தை அடிவரைக்கும் அமுக்குங்கள். மட்காட் கீழ் பிளேட்டில் முட்டுகிறதா, டயர் சைலன்சர் வளைவில் தேய்கிறதா, பிரேக் கேபிள் மடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். இந்த ஒரு பரிசோதனையை எந்தக் கராஜிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் கேட்டுச் செய்வியுங்கள், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை.

தங்கச்சிக்குக் கால் எட்ட வைத்தது குஷன் வேலை செய்கிற ஒருவர். சீட்டின் பஞ்சை ஒன்றேகால் அங்குலம் குறைத்து, முன் ஓரங்களை ஒடுக்கித் தைத்துக் கொடுத்தார். இப்போது பாதத்தின் முன்பாதி நிலத்தில் ஊன்றுகிறது. முன் சொக் கம்பனி விட்ட உயரத்திலேயே நிற்கிறது.

பாஸ் சொல்லித்தந்தபடி ரியூப்பில் மெல்லிய றப்பர் வளையம் ஒன்றும் போட்டிருக்கிறேன். சொக் எவ்வளவு அமுங்கினதோ அவ்வளவுக்கு வளையம் மேலே ஏறி நின்றுவிடும். நேற்றுத்தான் அவள் முதல்முறையாகத் திரும்ப ஓடினாள். குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றி, மண்டூரில் இறங்கி, வெள்ளாவெளி போய் அதே வழியால் வந்தாள். பின்னேரம் வீட்டு வாசலில் குந்தியிருந்து பார்த்தேன். வளையத்துக்கு மேலே, அமுங்குவதற்கு இன்னும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.