"பேருந்தில் போம்மா" என்று சொல்வது அன்பு அல்ல

ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ரயிலில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மேடையில் இருந்தவர் "அப்படியென்றால் பேருந்தில் போம்மா, எதற்கு உடம்பை வருத்திக்கொள்கிறாய்?" என்றார். அரங்கமே தலையாட்டியது. நான் தலையாட்டவில்லை, ஆனால் எழுந்து பேசவும் இல்லை. நான்கு நாள்களாக அது உறுத்துகிறது.

பேருந்தில் போகச் சொல்வது அச்சத்துக்குத் தீனி போடுவதாகும். இரண்டு ஆண்டுகள் தீனி போட்டவள் என்பதால் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூரில், போத்தோங் பாசிரிலிருந்து தோபி காட் வரை வடகிழக்கு ரயில் பாதையில் நான்கே நிறுத்தங்கள். ஒரு நாள் காலையில் பூன் கெங்கைத் தாண்டியதும் சுரங்கத்துக்குள் வண்டி நின்றது. இரண்டு நிமிடங்கள்கூட இருக்காது. விரல் நுனிகள் மரத்துப்போயின, பிடித்திருந்த கம்பி வியர்வையில் வழுக்கியது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். மறுநாள் முதல் பேருந்துதான். அதில் ஏறி அமர்ந்ததும் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் நம்பிவிட்டது. பிறகு மின்தூக்கி, பிறகு தேக்கா சந்தை, கடைசியில் மலேசியாவின் ஜோகூரில் நடந்த சித்தி மகளின் திருமணம் என்று ஒவ்வொன்றாக விட்டேன்.

"பயந்த பிள்ளையை வலுக்கட்டாயமாக ரயிலில் தள்ளச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இதயத்திலோ தைராய்டிலோ கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும், எனக்கும் பார்த்தார்கள். அதன் பிறகு உளவியலாளர் ஒரே ஒரு நிறுத்தம் போய்வரச் சொன்னார். படபடப்பு வந்தால் விரட்ட வேண்டாம், வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அப்படியே நில்லுங்கள் என்றார். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஏறிய உடம்பு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தணியத் தொடங்கும். நாம் அதற்குள் இறங்கி ஓடிவிடுவதால் அது தணிவதை ஒருநாளும் பார்ப்பதில்லை. இளமையில் தாமே இந்தப் படபடப்பால் தவித்த ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ், 1960களிலேயே இதைத்தான் எழுதினார்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து செல், காலம் கடக்கட்டும்.

ஏற்றுக்கொள்வது தோற்பதற்குச் சமம் என்பவர்கள், அந்தக் கம்பியைப் பிடித்தபடி ஒருமுறை நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

"பாவம், அவளுக்கு முடியாது" என்று சித்தி எல்லாரிடமும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. படபடப்பைவிட அதுதான் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் கேட்டதும் அதே குரல்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

தங்கச்சி, இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதம்மா. சனிக்கிழமை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து போத்தோங் பாசிர் நிலைய வாசலில் நிற்கிறேன். பூன் கெங் வரை ஒரே நிறுத்தம், சேர்ந்து போவோம். அந்தச் சுரங்கத்தில் எனக்கு இன்றைக்கும் கை வியர்க்கிறது.