தாயக்கட்டத்தை விட்டுவிட்டீர்களே!

கொரோனா ஊரடங்கில் வீட்டில் எப்படிப் பொழுது போனது என்ற உங்கள் கட்டுரையில், புத்தகம், யோகா, நுரை பொங்க அடித்த டல்கோனா காபி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தனி அறை இருந்தவர்களுக்குச் சரி. சென்னையில் ஒரு சின்ன போர்ஷனில் ஐந்து பேர் இருந்தால் யோகா பாயை எங்கே விரிப்பது?

எங்கள் வீட்டில் ஓடியது தாயம். கட்டை வாங்கக் கடை இல்லை. அதனால் என்ன? மாமியார் ஆறு புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்துவிட்டார். சாக்பீஸில் கட்டம். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காயை இறக்க முடியாது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் பழம் எடுக்க (காயைக் கடைசிக் கட்டத்தில் சேர்க்க) முடியாது என்ற விதிதான் ஆட்டத்தின் உயிர். பேரனின் காயை வெட்டும்போது மாமியாரின் பாசமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது! 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு போட்டார்களே, அந்த நான்கு நாளும் கட்டத்தை அழிக்கவே இல்லை.

டிவி பற்றியும் ஒரு வரி. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணத் தொடரை மறுபடி போட்டார்கள். ஒரு வார்த்தை இந்தி தெரியாத மாமனார் தினமும் பார்த்தார். கதைதான் தெரியுமே!

அப்புறம் ஜூனில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தது. இருந்த ஒரே செல்போனுக்கு அடிதடி. அதைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.